விதையை மட்டும் பார்த்தால் போதுமா?

சென்ற ஆண்டு ஐப்பசி மாதம், மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு பிற்பகலில், நம் பள்ளி வரவேற்பறையில் ஒரு தாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அன்று நான் அளித்த பதில் தவறன்று. ஆனால் அது அவருடைய கேள்விக்குப் பதிலே அன்று. அந்தக் குறை என் உள்ளத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று அருட்சகோதரி கேட்டபோது, வழக்கம்போல் 'அறிவியலின் அற்புதங்கள்' என்று எதையாவது எழுதுவதைவிட, அந்தத் தாய்க்குச் சொல்லத் தவறியதை இங்கே சொல்லிவிடுவது மேல் என்று தோன்றிற்று.

அவருடைய மகளுக்கு இரத்தப் புற்றுநோய். லுகேமியா என்பார்கள். அதிலும் குழந்தைகளுக்கே மிகுதியாக வரும் வகை. பத்து மாதங்கள் ஊசியும் மருந்துமாகக் கழித்து, தலைமுடியெல்லாம் உதிர்ந்து, பின் மெல்ல முளைத்து, அந்தச் சிறுமி மீண்டும் வகுப்புக்கு வரத் தொடங்கியிருந்தாள்.

"டீச்சர், ரத்தத்துல இப்ப ஒண்ணுமில்லேன்னு டாக்டரே சொல்லிட்டாரு. பிள்ளையும் நல்லா ஓடியாடித் திரியுது. அப்புறம் எதுக்கு இன்னும் ஒண்ணரை வருஷம் மாத்திரை? இந்தச் சின்ன வயித்துல இவ்வளவு மருந்தைக் கொட்டுறோமேன்னு மனசு கேக்கல" என்றார் அந்த அம்மையார்.

"டாக்டர் சொன்னபடியே செய்யுங்கம்மா" என்றேன். அவரும் தலையை ஆட்டிவிட்டுப் பேருந்துக்கு நேரமாயிற்று என்று புறப்பட்டுவிட்டார். அவர் கேட்டது 'ஏன்' என்று. நான் சொன்னது 'செய்' என்று. உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருத்திக்கு இது பெருமை தரும் பதிலா?

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். இந்நோயைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லாரும் கெட்டுப்போன உயிரணுவை மட்டுமே பார்க்கிறோம். அது குடியிருக்கும் வீட்டைப் பார்ப்பதில்லை. அதனால்தான் இரத்தத்தில் நோய் தெரியாதபோது குணமாகிவிட்டது என்று எண்ணி மருந்தை நிறுத்துகிறோம். நோய் திரும்பி வந்தால் மருந்து சரியில்லை, மருத்துவர் சரியில்லை, தாய் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பழி சுமத்துகிறோம். இரண்டு தவறுகளும் ஒரே அறியாமையிலிருந்து பிறப்பவை.

அந்த வீடு எது? மாணவியரே, ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் நல்லி எலும்பு கிடைத்தால் தட்டித் தட்டி உறிஞ்சுகிறீர்களே, அதனுள் இருக்கும் மெத்தென்ற பொருளே மஜ்ஜை. நம் உடலிலும் எலும்புகளின் உள்ளே அது இருக்கிறது. குழந்தைகளுக்கு ஏறத்தாழ எல்லா எலும்புகளிலும் செந்நிற மஜ்ஜை நிறைந்திருக்கும். வளர்ந்தவர்களுக்கு இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு போன்றவற்றில் பெரும்பாலும் தங்கிவிடும். அதனால்தான் சோதனைக்காக மஜ்ஜையை இடுப்பெலும்பிலிருந்து எடுக்கிறார்கள். வளர்ந்த ஒருவரின் மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபதாயிரம் கோடிச் சிவப்பணுக்களைச் செய்து அனுப்புகிறது. எந்த ஆலையிலும் இத்தகைய உற்பத்தி இல்லை.

இவ்வளவையும் பெற்றெடுப்பவை மஜ்ஜையில் உள்ள சில மூல உயிரணுக்கள். அவை தனித்து வாழ்பவை அல்ல. நம் விடுதியை எண்ணிப் பாருங்கள். மாணவியர் மட்டும் இருந்தால் அது விடுதி ஆகுமா? சமையல் செய்பவர், கதவைப் பூட்டுபவர், இரவில் விளக்கை அணைத்து உறங்கச் சொல்லும் அருட்சகோதரி எல்லாரும் இருந்தால்தானே விடுதி? அதுபோலவே மஜ்ஜையிலும் எலும்பை ஆக்கும் உயிரணுக்கள், கொழுப்பு உயிரணுக்கள், குருதிக்குழாய்ச் சுவரின் உயிரணுக்கள், இவற்றிற்கிடையே வலைபோல் பரவிய துணை உயிரணுக்கள் எனப் பல இருக்கின்றன. மூல உயிரணுவைப் பிடித்து வைப்பதும், ஊட்டுவதும், எப்போது உறங்க வேண்டும், எப்போது பெருக வேண்டும் என்று குறிப்புக் காட்டுவதும் இவைதாம்.

1978இல் ரேமண்ட் ஸ்கோஃபீல்டு என்னும் ஆங்கிலேய அறிஞர் இக்கருத்தை எடுத்துரைத்தபோது அந்த இடத்திற்கு 'நிச்' என்று பெயரிட்டார். அச்சொல்லின் பழைய பொருள் என்ன தெரியுமா? சுவரில் சிலை வைப்பதற்காகக் குடைந்த மாடம். நம் கோவிலில் புனிதர்களின் சுரூபங்கள் நிற்கின்றனவே, அந்த மாடமேதான். மாடத்தில் இருக்கும்வரை மூல உயிரணு தன் தன்மை மாறாமல் இருக்கிறது. அதை விட்டு வெளியேறினால் முதிர்ந்து வேறாகிவிடுகிறது என்பது அவருடைய கருத்து. எனக்கு இந்த உவமை மிகவும் பிடிக்கும். ஆனால் அதே மாடத்தில் புனிதருக்குப் பதிலாகத் திருடன் ஏறி நின்றுகொண்டால் என்ன ஆகும்? அதுவே நம் பேச்சு.

லுகேமியா என்றால் 'வெள்ளை இரத்தம்' என்று பொருள். 1847இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ இப்பெயரை இட்டார். மஜ்ஜையில் வளரும் ஓர் இளம் வெள்ளணு முதிர மறந்து, பெருகுவதை மட்டும் தொழிலாகக் கொண்டுவிடுவதே இந்நோய். விர்ஷோவுக்குப் பின் நூறாண்டுகள்வரை இதற்கு மருந்தென்று ஒன்றும் இல்லை. கடும் லுகேமியா வந்த குழந்தைகள் சில வாரங்களில் அல்லது மாதங்களில் இறந்தனர்.

முதன்முதல் கதவு திறந்த கதையில் நம் சென்னைக்கும் ஒரு பங்குண்டு. ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1920களில் அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கீரையில் உள்ள ஃபோலிக் அமிலம் என்னும் உயிர்ச்சத்தைப் பற்றி அவரது குழுவினர் ஆராய்ந்தனர். அதைப் போலவே உருவம் கொண்டு, ஆனால் அதன் வேலையைச் செய்யாமல் உயிரணுவை ஏமாற்றும் பொருள்களையும் செய்தனர். அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டன் நகரில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் நோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார். பத்துப் பேர் தேறினர். 1948இல் இச்செய்தி வெளிவந்தது. அதே ஆண்டில் சுப்பாராவ் மறைந்தார். உடன்பிறந்த பொருளான மெத்தோட்ரெக்சேட்டை இன்றும் நம் குழந்தைகள் விழுங்குகின்றனர்.

ஆனால் அந்தப் பத்துக் குழந்தைகளின் தேறுதல் நிலைக்கவில்லை. நோய் திரும்பிவிட்டது. இரத்தம் சுத்தமாயிற்று; குழந்தை எழுந்து விளையாடிற்று; சில மாதங்களில் மீண்டும் படுத்தது. இங்கேதான் அந்தத் தாயின் கேள்விக்கு விடை தொடங்குகிறது. ஏன் திரும்பிற்று?

நோய் எங்கே ஒளிந்திருக்கிறது என்று முதலில் துணிந்து கேட்டவர்களுள் ஒருவர் டொனால்டு பிங்கல். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் 1962இல் திறக்கப்பட்ட குழந்தைகள் மருத்துவமனையின் முதல் இயக்குநர் அவர். அம்மருத்துவமனை நம் பள்ளியில் பலரும் வேண்டிக்கொள்ளும் புனித யூதா ததேயுவின் பெயர் தாங்கியது. டேனி தாமஸ் என்ற கத்தோலிக்க நடிகர், வறுமையில் வாடிய நாளில் அப்புனிதரிடம் செய்துகொண்ட நேர்ச்சையை நிறைவேற்றக் கட்டியது. (கைவிடப்பட்டவர்களின் பாதுகாவலர் பெயரை, கைவிடப்பட்ட நோய்க்கான மருத்துவமனைக்கு வைத்தது எத்துணைப் பொருத்தம்!) அது திறந்தபோது இந்நோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேரே பிழைத்தனர்.

இரத்தத்தில் செல்லும் மருந்து மூளையைச் சூழ்ந்த நீரினுள் எளிதில் புக முடியாது. எனவே நோயணுக்கள் அங்கே பதுங்கிக்கொள்கின்றன என்று பிங்கல் குழுவினர் கண்டனர். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததோடு, தலைக்குக் கதிர்வீச்சும், முதுகுத்தண்டின் வழியே மருந்தும் அளித்து, அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்தைத் தொடர்ந்தனர். 1967இல் தொடங்கிய அவர்களுடைய ஐந்தாம் திட்டத்தில் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் பிழைத்து வளர்ந்தனர். உலகம் முதலில் நம்ப மறுத்தது. இன்று வசதி படைத்த நாடுகளில் இவ்வகை நோய்க்கு ஆளாகும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கின்றனர். தலைக்குக் கதிர்வீச்சும் பெரும்பாலோருக்கு இப்போது தேவைப்படுவதில்லை.

மூளை ஒரு புகலிடம் என்பது இவ்வாறு தெரிந்தது. ஆனால் நோய் பிறந்த வீடாகிய மஜ்ஜையே அதைவிடப் பெரிய புகலிடம் என்பது மெல்ல மெல்லத்தான் தெளிவாயிற்று. அது எவ்வாறு காக்கிறது என்பதைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

நம் பள்ளி வாயிலின் இருமருங்கிலும் பூத்திருக்கும் நித்தியகல்யாணியை நீங்கள் அன்றாடம் பார்க்கிறீர்கள். சுடுகாட்டு மல்லி என்று சிலர் அதைக் கொண்டையில் சூடுவதில்லை. அதிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து லுகேமியாச் சிகிச்சையின் தூண்களுள் ஒன்று. உயிரணு இரண்டாகப் பிரியும் தறுவாயில் அதைத் தடுத்துக் கொல்வது அதன் வேலை. நன்று. ஆனால் பிரியாமல் உறங்கிக்கொண்டிருக்கும் உயிரணுவை அது என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. மஜ்ஜையோ உறங்க வைப்பதில் தேர்ந்தது. நல்ல மூல உயிரணுக்களை நெடுங்காலம் காப்பதற்காக இறைவன் அமைத்த அந்த ஏற்பாட்டையே நோயணுவும் தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது.

2016இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வு இதை நேரிடையாகக் காட்டிற்று. எலிகளின் உடலில் வளர்த்த மனித லுகேமியா உயிரணுக்களில் சில, பிரியாமல் உறங்கிக்கிடந்தன, மருந்துக்கு அசையவில்லை. அவற்றை அவ்விடத்திலிருந்து வெளியே எடுத்து வைத்ததும் உறக்கம் கலைந்து பிரியத் தொடங்கின. அப்போது அதே மருந்துக்கு இரையாயின. இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்றுநேரம் சும்மா இருந்தேன். உயிரணு அதுவே, மருந்தும் அதுவே. மாறியது இருந்த இடம் மட்டுமே.

துணை உயிரணுக்கள் சி.எக்ஸ்.சி.எல். 12 என்ற ஒரு புரதத்தைச் சுரக்கின்றன. பலாப்பழத்தின் மணத்தைத் தொடர்ந்து ஈ வருவதுபோல் அதைத் தொடர்ந்து நோயணுக்கள் மஜ்ஜைக்குத் திரும்பி வருகின்றன. வந்தபின் பிசின்போன்ற வேறு புரதங்களால் பற்றிக்கொள்கின்றன. பற்றிக்கொள்வது வெறும் பிடிப்பு மட்டுமன்று. அப்பிடிப்பின் வழியாகவே 'சாகாதே' என்ற குறிப்பும் உள்ளே செல்கிறது.

உணவு ஊட்டும் கதை இன்னும் வியப்பானது. அஸ்பராஜின் என்பது ஒரு புரதச் சத்து. நல்ல உயிரணுக்கள் பெரும்பாலும் அதைத் தாமே செய்துகொள்ளும். குழந்தைகளின் லுகேமியா உயிரணுவுக்கு அத்திறமை மிகக் குறைவு. இரத்தத்திலிருந்து வாங்கித்தான் வாழ வேண்டும். ஆகவே இரத்தத்தில் உள்ள அஸ்பராஜினை அழிக்கும் அஸ்பராஜினேஸ் என்ற மருந்தை ஏற்றினால் அது பட்டினியால் மாளும். இம்மருந்தின் ஆற்றல் 1953இல் கினிப்பன்றியின் இரத்த நீரிலிருந்து தற்செயலாய்த் தெரியவந்தது. எவ்வளவு நுட்பமான போர்முறை! கோட்டையை முற்றுகையிட்டு உணவை நிறுத்துவதுபோல. ஆனால் 2007இல் மேலே சொன்ன மெம்பிஸ் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் கண்டது என்ன? மஜ்ஜையின் துணை உயிரணுக்கள் தாம் செய்த அஸ்பராஜினைப் பக்கத்திலிருக்கும் நோயணுவுக்கு வழங்குகின்றன. முற்றுகைக்குள் அடுக்களை ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது.

இதில் மஜ்ஜையின் குற்றம் ஏதுமில்லை. யார் வந்தாலும் சோறிடும் வீடு அது. வந்திருப்பவன் யார் என்று அதற்குத் தெரியவில்லை. வந்தவனோ நன்றியுள்ளவனும் அல்லன். நோயணுக்கள் மஜ்ஜையைத் தமக்கேற்ப மாற்றிவிட, நல்ல மூல உயிரணுக்கள் தம் பழைய மாடங்களை விட்டு விலகி, நலிந்து போவதை 2008இல் எலிகளில் கண்டனர். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிற்று என்று நம் பாட்டிமார் சொல்வது இதைத்தான் போலும்.

நற்செய்தியில் விதைப்பவர் உவமையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். விதை ஒன்றே, பாதையோரமும் பாறையும் முட்செடியும் நல்ல நிலமும் அதன் முடிவை வேறுபடுத்துகின்றன. 1889இல் ஸ்டீஃபன் பேஜெட் என்ற இலண்டன் மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, புற்றுநோய் எங்கே பரவுகிறது என்பது விதையை மட்டும் பொறுத்ததன்று, நிலத்தையும் பொறுத்தது என்று எழுதினார். அந்நாளில் எல்லாரும் விதையை ஆராய்கிறார்களே, நிலத்தையும் ஆராய வேண்டாமா என்பது அவருடைய ஆதங்கம். நூறாண்டுக்கு மேலாகியும் அந்த ஆதங்கம் நியாயமானதாகவே எனக்குப் படுகிறது. புதிய மருந்து வந்ததென்றால் செய்தித்தாள்கள் கொட்டை எழுத்தில் போடுகின்றன. நிலத்தை ஆராய்பவரைப் பற்றி ஒரு வரி கூட வருவதில்லை.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். நோய் கண்டறியும் நாளில் ஒரு நோயாளியின் உடலில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி நோயணுக்கள் இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் கணக்கிடுகின்றன. முதல் மாதச் சிகிச்சையில் பெரும்பாலானவை அழிகின்றன. மஜ்ஜையை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்து, நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாக இருந்தால் 'நோய் அடங்கிற்று' என்கின்றனர். கவனியுங்கள், 'அடங்கிற்று' என்றுதான் சொல்கிறார்கள். அப்போதும் ஆயிரம் கோடி நோயணுக்கள்வரை எஞ்சியிருக்க இடமுண்டு! இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னது பொய்யன்று. ஆனால் இரத்தம் தெரு, மஜ்ஜை வீடு. தெருவில் திருடனைக் காணவில்லை என்பதால் வீட்டிலும் இல்லை என்று கதவைத் திறந்து போட்டு உறங்கலாமா? இப்போது பத்தாயிரம் உயிரணுக்களில் ஒரு நோயணு இருந்தாலும் கண்டுபிடிக்கும் சோதனைகள் உள்ளன. அதிலும் அகப்படாமல் நழுவுபவை உண்டு.

உறங்குபவன் என்றாவது ஒருநாள் விழிப்பான். அவன் விழித்துப் பிரியும் அந்த நாளில் மருந்து உடலில் இருக்க வேண்டும். அது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே எல்லா நாளும் இருக்க வேண்டும். நாள்தோறும் ஒரு மாத்திரையும், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட்டும் என்று இரண்டாண்டுகளுக்கு மேல் நீட்டிக்கும் காரணங்களுள் இது முதன்மையானது என்பேன். 'ஏன்' என்று கேட்டீர்களே அம்மா, இதற்குத்தான்.

அந்த நாள்தோறும் மாத்திரையின் பெயர் மெர்காப்டோபியூரின். அதைக் கண்டவர்களுள் ஒருவர் ஒரு பெண், ஜெர்ட்ரூடு எலியன். பதினைந்து வயதில் தம் தாத்தா புற்றுநோயால் துன்புற்று இறந்ததைக் கண்டு வேதியியல் படிக்கத் துணிந்தவர். பெண் என்பதால் ஆய்வகங்களில் இடம் கிடைக்காமல், பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே மேற்படிப்பை முடித்தார். முனைவர் பட்டம் பெறாமலே 1988இல் நோபல் பரிசு பெற்றார். நம் பிளஸ் டூ மாணவியர் அவரைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும். வேதியியலுக்கு அஞ்சி வேறு பிரிவுக்கு ஓடுபவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

இந்த எளிய மாத்திரை தவறினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் குழந்தைகளிடம் செய்து 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நூறு வேளைக்கு 95 வேளைக்கும் குறைவாக மாத்திரை எடுத்தவர்களிடம் நோய் திரும்பும் ஆபத்து இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தது. நூற்றுக்கு ஐந்து என்பது எவ்வளவு? மாதத்திற்கு ஒன்றிரண்டு நாள். திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது மாத்திரைப் பெட்டியை மறந்தோம், உறவினர் வீட்டுத் திருமணத்தில் நேரம் தவறிற்று, வாந்தி எடுத்தாள் என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டோம், அவ்வளவுதான். தாயின் இரக்கம் இயல்பானது. ஆனால் இந்த இடத்தில் அந்த இரக்கத்தை மஜ்ஜையில் ஒளிந்திருப்பவனும் பங்கிட்டுக்கொள்கிறான். கல்லீரல் சோர்ந்தாலோ அணுக்கள் குறைந்தாலோ அளவைக் குறைப்பது, சில நாள் நிறுத்துவது எல்லாம் மருத்துவர் செய்ய வேண்டியவை. நாமாகச் செய்யலாகாது.

வீட்டையே கலைத்து, திருடனை வெளியே இழுத்துக் கொன்றால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். விஞ்ஞானிகளும் கேட்டனர். சி.எக்ஸ்.சி.எல். 12இன் பிடியைத் தளர்த்தும் பிளெரிக்சாஃபர் என்ற மருந்து, நல்ல மூல உயிரணுக்களை மஜ்ஜையிலிருந்து இரத்தத்திற்கு வரவழைத்துச் சேகரிக்க 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே வழியில் நோயணுவையும் வெளியேற்றி மருந்துக்கு எதிரே நிறுத்தலாம் என்று, வளர்ந்தவர்களுக்கு வரும் வேறொரு வகை லுகேமியாவில் முயன்றனர். 2012இல் வெளியான சோதனையில் 52 பேருக்குக் கொடுத்ததில் பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு நோய் அடங்கிற்று. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் பிளெரிக்சாஃபர் இன்றி வழக்கமான மருந்து மட்டும் பெற்ற மற்றொரு குழு அதில் இல்லை. ஆகவே பெருமை எதற்கு உரியது என்று அறுதியிட முடியாது. மேலும் நல்லவனும் கெட்டவனும் ஒரே மாடத்தில் இருக்கும்போது மாடத்தை இடிப்பது எளிதான காரியமா? வயலில் களையோடு கோதுமையும் பிடுங்கப்படும் என்ற அச்சம் இங்கும் உண்டு. இவ்வழியில் ஆய்வு தொடர வேண்டும். அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். ஆனால் 'புது மருந்து வரட்டும்' என்று காத்திருந்து, கையிலிருக்கும் பழைய மாத்திரையை விடுவது அறிவுடைமை ஆகாது. 'மஜ்ஜையைச் சுத்திகரிக்கும் சூரணம்' என்று ஒரு துண்டு விளம்பரம் அண்மையில் என் கைக்கு வந்தது. மஜ்ஜை என்ற சொல்லை அவர்களும் கற்றுக்கொண்டார்கள் என்பதைத் தவிர அதில் உண்மை எதையும் நான் காணவில்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எல்லா மாத்திரைகளையும் தவறாமல் கொடுத்தும் சில குழந்தைகளுக்கு நோய் திரும்புகிறது. வீடு காப்பது ஒருபுறம். விதையும் சும்மா இருப்பதில்லை. நோயணுவின் மரபுப்பொருளில் மாறுதல் ஏற்பட்டு, மெர்காப்டோபியூரினையே செயலற்றதாக்கும் வழியை அது கற்றுக்கொள்வதை 2013இல் கண்டறிந்தனர். ஆகவே நோய் திரும்பிய வீட்டில் போய், "நீ சரியா மருந்து குடுத்தியா?" என்று அந்தத் தாயைக் கேட்காதீர்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவருடையதா, பெற்றோருடையதா என்று சீடர்கள் கேட்டபோது, இருவருமே காரணமல்ல என்று இயேசு பெருமான் பதிலளித்ததாக யோவான் நற்செய்தி கூறுகிறது. செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே இக்கேள்வியைக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பள்ளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அச்சிறுமி திரும்பி வந்த வாரத்தில், அவளருகே தம் பெண்ணை உட்கார வைக்க வேண்டாம் என்று ஒரு பெற்றோர் கேட்டுக்கொண்டார். இந்நோய் ஒட்டுவதில்லை. ஒரே தட்டில் உண்டாலும், ஒரே தண்ணீர்க் குவளையில் குடித்தாலும் ஒட்டாது. அவளால் நமக்கு ஆபத்து ஏதுமில்லை. நம்மால்தான் அவளுக்கு ஆபத்து. மஜ்ஜையில் ஒளிந்தவனை அடக்க அவள் உட்கொள்ளும் மாத்திரை, நோய் எதிர்க்கும் நல்ல வெள்ளணுக்களையும் அடக்கிவிடுகிறது. நமக்குப் பத்து நாளில் இறங்கிப்போகும் சின்னம்மையும் தட்டம்மையும் அவள் உயிருக்கே உலை வைக்கலாம்.

பெற்றோர்களிடம் என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டில் யாருக்கேனும் அம்மை கண்டால், வேப்பிலை கட்டுமுன் பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். பரீட்சை நாளாயிற்றே என்று மறைத்துப் பிள்ளையை அனுப்பிவிடாதீர்கள். செய்தி கிடைத்த அன்றே நாங்கள் அச்சிறுமியின் தாய்க்குத் தெரிவிப்போம். சில நாட்களுக்குள் மருத்துவமனைக்குச் சென்றால் காப்பு மருந்து கொடுக்க முடியும். அவளுக்கு இன்னும் எட்டு மாத மாத்திரை மீதி இருக்கிறது. ஆறாம் வகுப்பு 'அ' பிரிவில், சன்னலோரம், காற்று வரும் இடத்தில் அவள் அமர்ந்திருக்கிறாள். கணக்கில் மட்டும் கொஞ்சம் பின்தங்கிவிட்டாள். மாலையில் அரைமணி நேரம் உடனிருந்து சொல்லிக்கொடுக்க மேல்வகுப்பு மாணவியர் இருவர் முன்வந்தால் நன்றாயிருக்கும்.